ஏரியை விட்டு ஓடும் ஆறு

1. போகாத ஊர்

வீடு செங்கல்பட்டில், ஆபீஸ் நாவலூரில், வேலை அமெரிக்காவில். கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால் நான் இப்படித்தான் சொல்வேன். ஸ்டீல் டீடெய்லிங் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஒரு பாலத்துக்கோ கட்டடத்துக்கோ தேவைப்படும் ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் தனித்தனியாக வரைபடம் போடுகிற தொழில் அது. எவ்வளவு நீளம், எங்கே துளை, எந்த மூலையை வெட்டவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த ஷீட்டைப் பார்த்துத்தான் அங்கே ஃபேக்டரியில் இரும்பை வெட்டுவார்கள். நாங்கள் போட்டது தப்பானால் இரும்பும் தப்பாகத்தான் வரும்.

அதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு ரோடு கான்டிராக்டரிடம் டிரேசிங் பேப்பரில் கல்வெர்ட் எனும் சிறு பாலங்கள் வரைந்துகொண்டிருந்தேன். நாவலூர் ஆபீஸில் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் ரகுநாதன் என்னை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஸ்கேன் செய்த பழைய வரைபடம் ஒன்றைத் திறந்தார். நூறு வருடத்துக்கு முன் யாரோ துணியில் மையால் வரைந்தது. இரும்பைப் பிணைக்கும் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு சின்ன வட்டம். ஓர் எழுத்துகூட வரிசையை விட்டு விலகவில்லை.

"இன்னா வேலு, பயந்துட்டியா? இந்த ஊருதான் இனிமே உனக்கு சோறு போடப் போவுது. நல்லா பாத்துக்கோ" என்றார் ரகுநாதன்.

ஊரின் பெயரை எழுத மாட்டேன். கிளையன்ட் விவரம் எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதம் ரிடையர் ஆன பிறகும் செல்லும் என்கிறார்கள். கடல் போன்ற ஓர் ஏரி, அதன் கரையில் ஊர், ஊர் நடுவே ஓர் ஆறு. இரும்புச் சட்டம் நிறுத்தி மாடிமேல் மாடியாகக் கட்டலாம் என்று முதலில் கட்டிப் பார்த்தவர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு. அந்தப் பழைய உயரக் கட்டடங்கள் ஆற்றின் இரு கரையிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. தெருவுக்கு ஒரு பாலம். ஒவ்வொரு பாலமும் நடுவில் பிளந்து, இரண்டு கையாலும் கும்பிடு போடுவதுபோல மேலே எழும்பி, படகுக்கு வழிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். தெரிந்தவர்களுக்கு இதற்குள் ஊர் தெரிந்திருக்கும்.

இப்போது எல்லாம் துருப்பிடிக்கிற வயசு. அங்கே பழுதுபார்ப்பவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நாங்கள் புதிய துண்டுகளுக்கு வரைபடம் போடுவோம். இருபது வருடத்தில் அந்த ஆற்றங்கரை எனக்கு மனப்பாடம். எந்தக் கட்டடத்தில் பதினாலாவது மாடித் தூண் இளைத்திருக்கிறது, எந்தப் பாலத்தைத் தூக்க உதவும் எதிரெடை இறங்கும் குழியில் தண்ணீர் நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தத் தெருவில் என்ன வாசனை அடிக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

2. மஞ்சள் அடிப்பது

வரைபவர் டிராஃப்டர், சரிபார்ப்பவர் செக்கர். நான் ஏழாவது வருடத்தில் செக்கர் ஆனேன்.

செக்கரின் ஆயுதம் இரண்டு பேனா. ஷீட்டை பிரிண்ட் எடுத்து, ஒவ்வோர் அளவையும் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அதன்மேல் மஞ்சள் அடிக்க வேண்டும். தப்பென்றால் சிவப்பு. அளவு மட்டுமல்ல, குறிப்பு, தலைப்பு, அம்புக்குறி எதுவும் விடக்கூடாது. முழுதும் மஞ்சளாகும் வரை அந்த ஷீட் வெளியே போகக் கூடாது. மஞ்சள் அடித்த பிரிண்டை ஃபைலில் போட்டு வைக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால், யார் எதைப் பார்த்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஷீட்டின் மூலையில் வரைந்தவர், பார்த்தவர் என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டிலும் இனிஷியல் இருக்க வேண்டும்.

நான் இதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். பெயர் எடுத்தபின் மனுஷனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் எழுத வந்தேன்.

3. மதுராந்தகத்திலிருந்து வந்தவள்

எனக்கு ஐம்பத்து நாலு நடந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லா சேர்ந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமா, வயது இருபத்து மூன்று. மதுராந்தகம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு காலனியில் வீடு. தினம் காலையில் ரயிலில் செங்கல்பட்டு வந்து இறங்கி, எங்கள் ஆபீஸ் வேனில் ஏறுவாள். நானும் அதே வேன். வண்டலூர், கேளம்பாக்கம், படூர் என்று நாவலூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் ஸ்டெல்லா கேள்வி கேட்பாள்.

"ரிவெட்டு இருந்த எடத்துல போல்ட்டு போட்டா ஓட்டை ஏன் சார் பெருசாக்கறாங்க?"

"பாலம் மேல தூக்கறப்போ நடைபாதையும் சேந்து தூக்குமா சார்? அப்ப அதுல ஆளு இருந்தா?"

சில நாள் எனக்கு எரிச்சல் வரும். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் நடிப்பேன். உண்மையைச் சொன்னால், ஆபீஸில் அத்தனை பேரிலும் வரைபடத்தை வரைபடமாகப் பார்க்காமல் பாலமாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அப்பா அருளப்பனுக்கு மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை. நாற்று நடவு முடிந்த பிறகு முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு ஏக்கர் ஏக்கராகப் பூச்சிமருந்து அடிப்பவர். வருடக்கணக்காக அந்த மருந்தைச் சுவாசித்து நெஞ்சு கெட்டுப் போயிருந்தது. ஒரு நாள் வேனில் அவளே சொன்னாள்.

"டாக்டரு மருந்தடிக்கவே கூடாதுன்னுட்டாரு சார். எங்கப்பா கேக்க மாட்டேங்குது. எனக்கு கன்ஃபர்ம் ஆயிட்டா நான் ஒரே பேச்சுதான். அந்த டப்பாவ தூக்கி ஏரியில எறிஞ்சுடுவேன். நீ வூட்ல குந்திக்கினு இருப்பா, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

கன்ஃபர்ம் என்றால் வேலை நிரந்தரம். முதல் ஒரு வருடம் புரொபேஷன். அவளுக்கு அது முடிய நாலு மாதம் பாக்கி இருந்தது. கொஞ்ச நாளில் அருளப்பன் மகள் பேச்சை நம்பி, வேலை நிரந்தரமாகும் முன்பே மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார். அவள் அதைச் சொல்லும்போது சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

4. ஆறு எங்கம்மா போவும்?

ஒரு பாலத்தின் நடைபாதையைத் தாங்கும் பிராக்கெட்டுகளை மாற்றும் வேலை வந்தது. மொத்தம் இருபத்திரண்டு பிராக்கெட். பாலத்தின் இரு பக்கமும் நடைபாதை உண்டு, ஆனால் மாற்றப்போவது டௌன்ஸ்ட்ரீம் நடைபாதைக்கு மட்டும். அதாவது தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் பக்கம். இரண்டு பக்கத்துப் பிராக்கெட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் செருப்பு மாதிரி இடது வலது உண்டு. கைப்பிடிக் கம்பத்தை மாட்டும் தகடு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கத்துக்கானது இந்தப் பக்கத்தில் பொருந்தாது.

எங்கள் ஆபீஸ் வழக்கப்படி வரைபடக் கட்டைப் பிரித்துக் கொடுப்போம். டிராஃப்டருக்கு அவரவர் பகுதி ஷீட் மட்டும் போகும். பாலம் முழுதையும் காட்டும் பொது ஷீட் செக்கரிடம் இருக்கும். ஆறு ஓடும் திசைக்கு அம்புக்குறி அந்தப் பொது ஷீட்டில்தான் இருந்தது. அதாவது என் மேஜையில் இருந்தது.

ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"சார், டௌன்ஸ்ட்ரீம் எந்தப் பக்கம் சார்? என் ஷீட்ல ஆரோ போடல."

"ஏரி எந்தப் பக்கம் கீது?"

"கிழக்கால சார்."

"அப்ப கிழக்குதான். ஆறு எங்கம்மா போவும்? ஏரிக்குத்தான் போவும். அது பேருக்குத்தான் ஏரி, அந்தாண்ட கரையே தெரியாது. சமுத்திரம்னே வச்சுக்கோ."

எனக்கு அதில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. நான் பிறந்து வளர்ந்தது பாலாற்றங்கரை. தண்ணீர் வருவதே அபூர்வம், வந்தால் கிழக்கே வாயலூர்ப் பக்கம் கடலுக்குத்தான் போகும். மாமல்லபுரம் கடற்கரைக்கும் செங்கல்பட்டு மலைகளுக்கும் நடுவில் நான் பார்த்த ஓடை, வாய்க்கால், சாக்கடை எல்லாமே பெரிய தண்ணீரைப் பார்த்துத்தான் ஓடின. கிழக்கே பெரிய தண்ணீர் இருந்தால் ஆறு கிழக்கே போகும். இதற்கு யாராவது ஷீட்டைப் பிரித்துப் பார்ப்பார்களா?

அவள் நகரவில்லை.

"சார், எங்க ஊரு ஏரியில தண்ணி உள்ளயும் வருது, வெளியவும் போவுது. ரொம்பிச்சுன்னா கலங்கல் வழியா கிளியாத்துல போய்க்கினே இருக்கும். ஏரிகிட்ட ஆறு இருந்தா அது ஏரிக்கு வர்ற ஆறுன்னு எப்புடி சார் சொல்றது? ஏரியிலேர்ந்து போற ஆறா இருந்தா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

"மதுராந்தகம் ஏரியும் அதுவும் ஒண்ணாம்மா? நல்லா கீதே கதை!"

அவர்களும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஒரு ஆர்.எஃப்.ஐ. போட்டுடட்டுமா சார்?"

ஆர்.எஃப்.ஐ. என்பது சந்தேகம் கேட்டு அமெரிக்காவுக்கு அனுப்பும் படிவம். இரண்டு வரி எழுதினால் போதும், மறுநாள் பதில் வந்துவிடும். ஆனால் ரகுநாதனுக்கு ஆர்.எஃப்.ஐ. என்றாலே ஆகாது. நிறையக் கேள்வி கேட்டால் இவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று கிளையன்ட் நினைப்பான் என்பது அவர் கணக்கு.

"அதெல்லாம் வேணாம். ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு கேட்டா நம்பளப் பத்தி இன்னா நெனப்பான்? ரகு சாரு என்னைத்தான் கத்துவாரு. கிழக்குன்னு போட்டு முடி."

"சரி சார்."

போட்டு முடித்தாள்.

5. கேடயம்

அந்த ஷீட்டுகள் செக்கிங்குக்கு வந்த வியாழக்கிழமை ஆபீஸ் ஆண்டு விழா. மாமல்லபுரத்தில் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் ஏற்பாடு. மத்தியானம் மூன்று மணிக்கு பஸ் கிளம்பும் என்றார்கள். ஷீட்டுகள் அன்றே போயாக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நான் அளவுகளை ஒழுங்காகத்தான் பார்த்தேன். ஒரு துளைகூட விடவில்லை. ஒவ்வொரு ஷீட்டிலும் கீழே ஒரு குறிப்பு இருந்தது, இந்தப் பிராக்கெட்டுகள் டௌன்ஸ்ட்ரீம் பக்கத்துக்கானவை, கிழக்கு நடைபாதை என்று. அதைப் பொது ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். பொது ஷீட் என் இடது கைப் பக்கம் சுருட்டி வைத்திருந்தது. பஸ் ஹாரன் அடித்தது. குறிப்பின் மேல் மஞ்சள் அடித்துவிட்டு இனிஷியல் போட்டேன்.

மாமல்லபுரத்தில் விருந்து, பாட்டு எல்லாம் நடந்தது. அந்த வருடத்தின் பிழையில்லாத செக்கர் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்டெல்லா மேடைக்குக் கீழே நின்று தன் போனில் படம் எடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பினாள்.

6. சங்கிலியில் தொங்கிய இரும்பு

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பேன்ட்ரியில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரகுநாதன் கையில் லேப்டாப்பைத் திறந்தபடியே வந்தார்.

"வேலு, இத பாரு. பேஜாரு."

ஒரு புகைப்படம். ஆற்றில் ஒரு மிதவை. அதன்மேல் கிரேன். கிரேன் சங்கிலியில் எங்கள் பிராக்கெட் ஒன்று தொங்குகிறது. தடித்த கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து, இதை வைத்து நான் என்ன செய்ய என்பதுபோல் நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான் தூண் தூணாக அறிந்திருந்த கட்டடங்கள் பனிமூட்டத்தில் நிற்கின்றன. அந்த ஊரை இணையத்தில் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். நாங்கள் வரைந்த இரும்பு அங்கே தொங்குவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கீழே நாலு வரி. வந்திருப்பவை ஏரிப் பக்கத்துக்கான பிராக்கெட்டுகள். கேட்டது டௌன்ஸ்ட்ரீம். எங்கள் ஆறு ஏரியை விட்டு மேற்கே ஓடுகிறது. உங்கள் பொது ஷீட்டில் அம்புக்குறி இருக்கிறதே, யாரும் பார்க்கவில்லையா?

கதை இதுதான். அந்த ஆறு ஆதியில் ஏரிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. ஊர் குடிப்பது ஏரித் தண்ணீர். ஊர்ச் சாக்கடை ஆற்றோடு போய் அதே ஏரியில் கலந்தது. ஜனங்கள் நோயில் விழுந்தார்கள். கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அது ஏரிக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பாலம் கட்டியவர்களுக்கு இது தெரியும், அம்பு போட்டார்கள். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியே போவதைப் பார்த்து வளர்ந்த ஸ்டெல்லாவுக்கும் சந்தேகம் வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

இருபத்திரண்டு பிராக்கெட்டும் துத்தநாக முலாம் பூசி முடித்தவை. திருத்த வழியில்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும். படகுகள் குறைவாக இருக்கும் சில வாரங்களில் மட்டும்தான் பாலத்தில் வேலை செய்ய அனுமதி. அந்த வாரங்கள் போய்விட்டன. குளிர்காலம் முழுக்க அந்த நடைபாதையை அடைத்து வைத்தார்கள். கிளையன்ட் எஞ்சினியரும் எங்கள் ஷீட்டில் அப்ரூவல் முத்திரை குத்தியிருந்தார். ஆனால் அந்த முத்திரையின் அடியில் பொடி எழுத்தில், பொறுப்பு வரைந்தவர்களுடையது என்று இருக்கும். எப்போதும் இருக்கும்.

7. கண்ணாடி அறை

மீட்டிங் ரூம் கண்ணாடிச் சுவர் கொண்டது. உள்ளே நடப்பது வெளியே கேட்காது, ஆனால் தெரியும். ரகுநாதன், எச்.ஆர். பெண்மணி ஒருவர், ஸ்டெல்லா, நான் என்று நாலு பேர்.

ரகுநாதன் ஃபைலிலிருந்து என் மஞ்சள் பிரிண்டை எடுத்து மேஜையில் விரித்தார். அந்தக் குறிப்பின் மேல் விரலை வைத்தார்.

"வேலு, டௌன்ஸ்ட்ரீம் மேலயே மஞ்சள் அடிச்சிருக்கியேய்யா. இன்னா இது?"

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். "நான்தான் சார் கிழக்குன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சந்தேகம் கேட்டுது. ஆர்.எஃப்.ஐ. போடறேன்னுச்சு. நான்தான் வேணாம்னேன்." இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்கு மெமோ கிடைத்திருக்கும். செக்கர் பதவி போயிருக்கலாம். என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டாரிடம் ஆபீஸ், பதவி, கேடயம் எல்லாவற்றையும் பற்றிப் பெரிதாகப் பேசி வைத்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது இவைதான். அருளப்பனின் நெஞ்சு நினைவுக்கு வரவில்லை.

"நான் அளவுதான் சார் பாத்தேன். அளவெல்லாம் கரெக்டா கீது. எந்தப் பக்கம்ன்றது டிராஃப்டரு முடிவு பண்றது. செக்கருகிட்ட வர்றதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும்."

பாதி உண்மை. அதனால்தான் அது எடுபட்டது.

ரகுநாதன் அவள் பக்கம் திரும்பினார். "நீ யாரைக் கேட்டுமா கிழக்குன்னு போட்ட?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். மேஜையில் என் மஞ்சள்தான் இருந்தது. எச்.ஆர். பெண்மணி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"கிழக்குன்னு நானே எடுத்துக்கிட்டேன் சார்" என்றாள்.

"சந்தேகம்னா கேக்க மாட்டியா? ஆர்.எஃப்.ஐ.ன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கோம்?"

ஆர்.எஃப்.ஐ. என்றால் எரிந்து விழுகிற ரகுநாதன் இதைக் கேட்டார். அவள் மேஜையில் விரித்திருந்த மஞ்சள் பிரிண்டைப் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரொபேஷனில் இருப்பவரை அனுப்புவதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அந்த வெள்ளிக்கிழமையே ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். பெரும் பிழை காரணமாக என்று அதில் இருந்தது. நாவலூர் வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். சாலை நெடுக எங்கள் மாதிரி ஆபீஸ் பல உண்டு. ஆனால் மேனேஜர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் பழக்கம். அந்த வரி இருக்கும் கடிதத்தோடு அவள் எந்த வாசலில் போய் நிற்க முடியும்? இதுவும் எனக்கு அன்றே தெரியும்.

அன்று சாயங்காலம் ஒரே வேனில்தான் திரும்பினோம். முன் சீட்டில் அவள், பின்னால் நான். கேளம்பாக்கத்தில் ஒருவர் இறங்கியதும் அவள் பக்கத்து சீட் காலியானது. போய் உட்கார்ந்திருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். செங்கல்பட்டில் இறங்கும்போது, "வரேன் சார்" என்றாள். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை காலை டிரைவர் ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு இன்னும் காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எடுப்பா, அது இனிமே வராது" என்றேன்.

8. அனுப்பாத கேள்வி

இரண்டு வாரம் கழித்து, அவள் வேலைகளை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க அவளுடைய ஃபோல்டரைத் திறந்தேன். ஆர்.எஃப்.ஐ. படிவம் ஒன்று டிராஃப்டாகக் கிடந்தது. நான் வேண்டாம் என்று சொன்ன அதே நாள் தேதி. பாலத்தின் பெயர், ஷீட் எண் எல்லாம் முறையாகப் போட்டு, கீழே ஒரே கேள்வி. ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும். அனுப்பு என்ற பட்டனை மட்டும் அழுத்தவில்லை. நான் வேண்டாம் என்றதால் அழுத்தவில்லை.

அன்றுகூட நேரம் இருந்தது. அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் இருக்கும் ரகுநாதனிடம் போயிருந்தால் அந்தக் கடிதத்தில் இருந்த வரியையாவது எடுத்திருப்பார்கள். நான் ஃபோல்டரை மூடினேன். அழிக்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரிய யோக்கியதைதான்.

அதற்குப் பிறகும் நாலு வருடம் வேலை பார்த்தேன். என் பெண் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செக்கிங்கில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. பொது ஷீட்டை விரிக்காமல் மஞ்சள் பேனாவின் மூடியைத் திறக்க மாட்டேன். ஆபீஸில் என்னைக் கிண்டல் செய்வார்கள். "வேலு சாரு வடக்கு எதுன்னு சூரியன பாத்துட்டுதான் மஞ்சள் அடிப்பாரு." சிரித்துவிட்டுப் போவேன். அவ்வளவு ஜாக்கிரதையும் இன்னொருத்தி செலவில் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

9. ரிடையர் ஆன பிறகு

ரிடையர் ஆகி இரண்டு மாதம் கழித்து மதுராந்தகம் போனேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை போய்விடும் என்ற பயம் இல்லாதபோது வருவதற்குத் தைரியம் என்று பெயர் கிடையாது.

காலனியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஓர் அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் அம்மா. நான் ஆபீஸிலிருந்து வருகிறேன், பெயர் வேல்முருகன் என்றேன்.

"வேலு சாரா! உள்ள வாங்க, குந்துங்க சார். உங்களப் பத்தி ஸ்டெல்லா எப்பவும் சொல்லிக்கினே இருக்கும். பாலத்தப் பத்தி எல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே. அது கடைக்குப் போயிருக்குது சார், மத்தியானம் சோத்துக்கு வந்துரும்."

"எந்தக் கடைம்மா?"

"பஜார்ல துணிக்கடை சார். பில்லு போடுது."

அந்த வீட்டில் என்னைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை அவள். அந்த அம்மா கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல் குடித்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சற்று நேரத்தில் அருளப்பன் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் இருமல் வந்தது. முதுகில் மருந்து டப்பா. மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, நான் யார் என்று தெரிந்ததும் கும்பிட்டார். கையில் மருந்து வாடை இருக்கிறது என்று கையைக் கொடுக்காமல் தள்ளி நின்றார்.

"டாக்டரு வேணாம்னு சொன்னாராமேங்க?" என்று கேட்டேன்.

"சொன்னாரு சார். நடுவுல உட்டுட்டு இருந்தேன். அப்புறம் பொண்ணுக்கு வேலை இல்லன்னு ஆயிப்போச்சு. வூடு ஓடணுமே. அவளுக்கு நேரம் சரியில்ல சார், யாரை இன்னா சொல்றது?"

சொல்லிவிட்டு வெளியே போய் வெகுநேரம் இருமினார். நான் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொல்லத்தான் வந்தேன். காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்க சார், நல்லா கீறீங்களா?" என்றாள். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்தாள். அங்கே நின்று ஒருவழியாக எல்லாவற்றையும் கொட்டினேன். பொது ஷீட் என் மேஜையில் இருந்தது, அம்புக்குறி இருந்தது, மஞ்சள் நான் பார்க்காமல் அடித்தது, அவளுடைய ஆர்.எஃப்.ஐ.யை அப்புறம் நான் பார்த்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். ரகு சாரு கேட்டாரே, அப்ப. அப்புறம் வேன்ல. கார்டு குடுக்கறப்போகூட பாத்தேன்."

"நீ ஏம்மா அப்ப சொல்லல?"

"நான் சொன்னா நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு சார். நீங்க அப்படிச் சொல்லிக் கேக்க எனக்கு இஷ்டமில்ல."

பஸ் வந்துகொண்டிருந்தது. "இப்ப நான் சொல்றேன்மா. எழுதிக் குடுக்கறேன். எங்க வேணா வந்து சொல்றேன்" என்றேன்.

"யாருகிட்ட சார்? ரகு சாரு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. அந்தப் பாலத்துல புதுசா மாட்டி ஜனங்க நடந்துகினு இருப்பாங்க. நான் படம் போட்டு நாலு வருஷம் ஆச்சு. சாஃப்ட்வேரே மாறிப்போச்சுன்றாங்க." பிறகு ரோட்டை எட்டிப் பார்த்து, "பஸ் வந்துருச்சு, ஏறுங்க சார்" என்றாள்.

ஏறினேன்.

என்னோடு வேலை பார்த்தவரின் மகன் இப்போது டீடெய்லிங்கில் சேர்ந்திருக்கிறான். புதிதாகச் சேருபவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டான். அதற்காகத்தான் இது. பொது ஷீட்டைப் பாருங்கள், அம்புக்குறியைப் பாருங்கள், கேட்பவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், சந்தேகத்தை எழுதி அனுப்பிவிடுங்கள். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. தப்பான பதிலைச் சொன்னது நீங்கள் என்றால், அந்த அறையில், அந்த மேஜைக்கு முன்னால், உங்களைக் கேட்கும் அந்த நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதைத் தாண்டிச் சொல்வது சொல்பவனுக்கு மட்டும்தான் உதவும். நான் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன், இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாளைக் காலையிலும் அருளப்பன் டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு மருந்தடிக்கத்தான் போவார்.